ஃப்ரிட்ஜை விட லேசான படகு

பகலில் கொட்டகையில் லைஃப் ஜாக்கெட் கழுவிக் காயப்போடுவதும், மாலையில் படகு வழிகாட்டிகளுக்கான வகுப்பில் உட்காருவதுமாக இந்தப் பருவம் முழுக்க ஓடிவிட்டது. இன்று எனக்குப் பரீட்சை. முதல்முறை வருகிற ஒரு குடும்பத்தை, சிறுவர்களும் போகக்கூடிய சின்ன நீர்ச்சரிவுகள் வழியே ரப்பர் படகில் கூட்டிக்கொண்டு போய் எல்லோரையும் முழுசாகக் கரை சேர்க்க வேண்டும். சேர்த்தால் படகு என்னுடையது. இல்லாவிட்டால் மறுபடி ஜாக்கெட், கயிறு, கிளிப்பு.

பரீட்சை வைப்பவர் எங்கள் மூத்த வழிகாட்டி. அந்த அக்காவுக்கு இங்கே 'சைரன்' என்று பெயர். அக்கரையில் தூங்குகிறவனையும் இக்கரையிலிருந்தே எழுப்பிவிடுவார். அவர் எனக்கு வைத்த பெயர் 'முணுமுணுப்பு'. என் குரல் என் பல்லைத் தாண்டுவதே பெரிய விஷயம்.

"டேய் முணுமுணுப்பு, நான் தனிப் படகுல பின்னாடியே வர்றேன். ஆனா யாராவது தண்ணில போனாத்தான் உள்ள புகுவேன். அதுவரைக்கும் உன் பாடு" என்றார்.

வந்தது, வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கிக் கொடுக்கும் குடும்பம். கணவர், மனைவி, மனைவியின் தம்பி, பள்ளிக்கூடம் போகிற மகள். கணவரின் தோள் கதவு அகலம். படகைத் தண்ணீருக்குக் கொண்டுபோக நான் ஒரு முனையைப் பிடிப்பதற்குள் கணவரும் மச்சானும் இரண்டு பக்கமும் தூக்கிவிட்டார்கள். மனைவி முன்னால் பின்நடையாகப் போய்க்கொண்டே, "சாய். நில்லு. இடது. இறக்கு" என்றார். படகு பூப்போல வந்து உட்கார்ந்தது.

"வீட்ல 'என்னங்க, வாங்க'தான். சாமான்ல கை வெச்சா அவதான் மேஸ்திரி" என்று கணவர் சிரித்தார். "மாடிப்படில பீரோவோட நிக்கறப்ப எங்களுக்கு எதிர்ல எதுவும் தெரியாது தம்பி. இவ வாயிதான் எங்க கண்ணு."

"வாய்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றான் மச்சான். அவன் அக்கா கையிலிருந்த துடுப்பு அவன் ஹெல்மெட்டில் 'டொக்' என்றது.

கரையில் நிற்கவைத்து எல்லா விதிகளையும் சொன்னேன். விழுந்தால் மல்லாந்து மிதக்க வேண்டும், கால் மேலே இருக்க வேண்டும். ஓடுகிற தண்ணீரில் எழுந்து நிற்கவே கூடாது. படகு கல்லில் மாட்டினாலும் இறங்கக் கூடாது. தலையாட்டினார்கள். கேட்டார்களா என்பது எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு எல்லாமே சந்தேகம்தான், அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் சரிவு நன்றாகப் போயிற்று. மகள் "இன்னொரு தடவை!" என்று கத்தினாள். அவளுடைய அப்பா கண்ணை மூடிக்கொண்டு துடுப்புப் போட்டார்.

இரண்டாவது சரிவில் நடுவே ஒரு தட்டைக் கல் இருக்கிறது. அதற்கு இடப்பக்கமாகத் திரும்ப வேண்டும். இப்போதா, இன்னும் கொஞ்சம் கழித்தா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் படகின் வயிறு கல்மேல் ஏறி 'சர்ர்' என்று நின்றுவிட்டது.

இதற்கு வழி உண்டு. படகின் பின்பாதி தண்ணீரில்தான் இருந்தது. எல்லோரும் நகர்ந்து பின்னால் வந்தால் முன்பக்கம் எழும்பி, தானே வழுக்கிக்கொண்டு போய்விடும். "எல்லாரும் பின்னாடி வாங்க" என்றேன். தண்ணீர் இரைச்சலில் அது எனக்கே கேட்கவில்லை.

கணவரும் மச்சானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். துடுப்பைக் கீழே வைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் இறங்கிவிட்டார்கள். பெரிய சாமான் ஒன்று வழியில் மாட்டிக்கொண்டால் அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

மச்சான் கல்லின்மேல் கணுக்கால் தண்ணீரில் நின்றான். கணவருக்குத் தொடைவரை தண்ணீர். படகுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, கைகளைப் பின்னால் கொண்டுபோய்ப் பக்கக் கயிற்றைப் பிடித்தார்.

"வேண்டாங்க! ஏறுங்க!" என்றேன்.

"பயப்படாதீங்க தம்பி! ஃப்ரிட்ஜை விட லேசுதான்!"

அவர்கள் தூக்கினால் படகு கிளம்பிவிடும். நாங்கள் மூன்று பேரும் கீழே போய்விடுவோம், அவர்கள் நடு ஆற்றில் நிற்பார்கள். அப்போதுதான் இன்னொன்றைப் பார்த்தேன். அவர் உடம்பு முன்னும் பின்னும் ஆடுகிறது, வலது கால் மட்டும் ஆடவில்லை. இரண்டு கல்லுக்கு நடுவே பாதம் சிக்கியிருந்தது. இந்த நிலையில் ஆள் முன்பக்கம் விழுந்தால் தண்ணீர் முதுகில் ஏறி அழுத்தும், எழவிடாது. வகுப்பில் இந்தப் பாடம் நடந்த அன்று பயத்தில் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

கத்த வாயைத் திறந்தேன். என் வாயை நம்பி இவர் காலை விட முடியாது என்று தோன்றிற்று. பாய்ந்து அவர் ஜாக்கெட்டின் தோள்பட்டைகள் இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த அவர் மனைவியிடம் சொன்னேன்.

"அக்கா, நான் சொல்றதை நீங்க சொல்லுங்க. படியில சொல்ற மாதிரி. முதல்ல கையை எடுக்கச் சொல்லுங்க."

அவர் என்னைக் கேள்வி கேட்கவில்லை.

"கையெடு!"

நான்கு கைகளும் ஒரே நொடியில் கயிற்றை விட்டன.

"உங்க தம்பி அப்படியே உக்காரட்டும்."

"டேய், உக்காரு!" மச்சான் கல்மேல் பொத்தென்று உட்கார்ந்தான்.

"அவர் முன்னாடி சாயக் கூடாது. பாரத்தை என்மேல போடட்டும்."

"முன்ன போகாத! பின்னால சாய்!"

கதவு அகலத் தோள் என் மார்பில் வந்து விழுந்தது. மூச்சு நின்றுபோயிற்று. ஆனால் விடவில்லை.

"காலை முறுக்க வேண்டாம். போன வழியிலேயே திருப்பி இழுக்கணும். மெதுவா."

"போன வழியே எடு. மெதுவா. மெதுவா... இன்னும்... நில்லு. குதிகாலைத் தூக்கு. எடு!"

கால் வந்தது. ஷூ வரவில்லை. நான் பின்னால் சாய்ந்து இழுக்க, அவர் மீன் மாதிரி மல்லாக்க வழுக்கிப் படகுக்குள் வந்து என்மேலேயே விழுந்தார். மச்சான் தவழ்ந்து ஏறினான். மனைவி நான் சொல்லாமலே, "எல்லாம் பின்னால வா!" என்றார். முன்பக்கம் எழும்பியது. படகு கல்லை விட்டு வழுக்கி, பின்புறமாகவே சரிவில் இறங்கி, கீழே குளம்போல் நிற்கிற தண்ணீரில் போய் மெல்லச் சுற்றியது.

மனைவி கணவரின் பாதத்தை மடியில் எடுத்து ஒவ்வொரு விரலாக அசைத்துப் பார்த்தார். சிராய்ப்புதான். பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.

"ஏங்க, இறங்கக் கூடாதுன்னு அந்தப் பிள்ளை படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சே. உங்களுக்குக் காது எதுக்கு இருக்கு?"

"கை தானாப் போயிடுச்சு, என்ன பண்ண!"

"அப்பா, உங்க ஷூல இந்நேரம் ஒரு மீன் குடிவந்திருக்கும்" என்றாள் மகள். "சாமான் ஏத்த ஆள் வேணுமான்னு கேளுங்க."

முதலில் மச்சான் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தோம். அழுதுகொண்டிருந்தவரும் சிரித்தார். மிச்சமிருந்த குட்டிச் சரிவுகளில் அவர்கள் என் முணுமுணுப்பைக்கூடக் காது கொடுத்துக் கேட்டார்கள். கேட்காதவர்களுக்கு மனைவி எடுத்துச் சொன்னார்.

கரையில் அவர்கள் உடை மாற்றப் போனதும் சைரன் அக்கா என்னிடம் வந்தார். நானே முந்திக்கொண்டேன்.

"தெரியும்க்கா. திருப்ப யோசிச்சு லேட் ஆக்கிட்டேன். படகை மாட்டிட்டேன். ஆளுங்களை இறங்க விட்டேன். கட்டளைகூட என் வாயால வரலை."

"முடிச்சியா? ஒண்ணு விட்டுட்ட. கல்லுல மாட்டினா இறங்காதேன்னு சொன்ன, இறங்கினா என்ன ஆகும்னு சொல்லலை. நாளைக்கு அதையும் சொல்லு."

"நாளைக்கா?"

"காலைல ஒரு குடும்பம் வருது. உன் படகுதான்."

"அக்கா, கல்லுல மோதிட்டேனே."

"கல்லே கூடாதுன்னா நீச்சல் குளத்துல வேலை தேடு. நான் பாதி தூரம் வந்துட்டேன்டா, உள்ள புகுந்துடலாம்னு. அந்தாளு தோளைப் பிடிச்ச பாரு, அப்பத்தான் துடுப்பை மடியில வெச்சேன்."

"கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?" என்றேன்.

"என்னது? சத்தமா."

"உக்காரணும்க்கா!"

"உக்காரு. யாரு வேண்டாம்னது?"

வெயிலில் சுட்டுக்கொண்டிருந்த கூழாங்கற்களின் மேல் ஈரத்தோடு உட்கார்ந்தேன். ஷூவைக் கழற்றி உள்ளே இருந்த தண்ணீரைக் கவிழ்த்தேன். உடை மாற்றும் அறையிலிருந்து, ஒற்றை ஷூவோடு எப்படி வீட்டுக்குப் போவது என்று நான்கு குரல்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. எண்ணிப் பார்த்தேன். நான்கும் இருந்தன.