இரண்டு நாள் கேட்ட பாலம்

ஆராய்ச்சிக் கழகத்தின் நான்கு கட்டடங்களிலும் சிதறிக் கிடந்த சர்வர்களை ஒரே வண்டியில் பூட்டி ஓட்டியது ஒரு நிரல். யாருடைய கணக்கு எந்த சர்வரில், எப்போது ஓட வேண்டும் என்று அதுதான் தீர்மானிக்கும். அதற்கு விதிகள் எழுதியவளை எல்லோரும் ‘வரிசையக்கா’ என்றே அழைத்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளப் பிரிவுக்காரர்களே மறந்துவிட்டிருந்தார்கள்.

அன்று காலை அவள் நாற்காலியில் உட்காருவதற்குள் அவளுடைய சொந்த அக்காவின் புருஷன் வந்து நின்றார். பாலங்களை வடிவமைக்கும் பொறியாளர். முகம் முழங்கால் வரை தொங்கியது.

“ஏம்மா, என் கணக்கு இன்னும் வரிசையிலேயே நிக்குதே?”

“நிக்கட்டும் அத்தான், அதுக்குக் கால் வலிக்காது.”

“விளையாடாதே. சாயங்காலம் எந்தப் பாலம்னு முடிவு பண்ற கூட்டம். புயல் காத்துக்கு என் பாலம் தாங்கும்னு காட்டலைன்னா அந்தத் தூண் பூதம் ஜெயிச்சிடும்.”

தூண் பூதம் என்பது போட்டிக்காரரின் வரைபடம். ஆற்றுக்குள் குண்டு குண்டாய்த் தூண்கள். அத்தானுடையதோ கரையிலிருந்து கரைக்கு ஒரே தாவல். அதை வரைந்த நாட்களில் சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் பாலம் கட்டினார், தூக்கத்தில் போர்வையால் பாலம் கட்டினார். அக்கா தனியாக வீடு பார்க்கவே கிளம்பிவிட்டாள்.

“கொஞ்சம் முன்னால தள்ளி விடேன். மச்சினிகிட்டதானே கேக்கறேன்?”

“உங்களைத் தள்ளி விட்டா, நாளைக்கு இந்தக் கழகமே எனக்கு அத்தான் ஆயிடும்.”

அத்தான் சிரிக்கவில்லை. அவளுக்கும் மனசு கேட்கவில்லை. வரிசையைத் திறந்து பார்த்தாள்.

முதல் இடத்தில் வானியல்காரரின் கணக்கு நின்றது. அதற்கு எல்லா சர்வர்களும் ஒரே நேரத்தில் வேண்டும். காலியாகும் சர்வர்களை ஒவ்வொன்றாக நிரல் அதற்காகப் பிடித்து வைத்திருந்தது. மருந்தியல் கட்டடத்தில் ஓடும் கணக்கு முடியப் பிற்பகலாகும். அதுவரை மற்ற மூன்று கட்டடத்து சர்வர்களும் கொட்டாவி விட்டுக்கொண்டு கிடக்கும். அந்த இடைவெளிக்குள் முடிகிற கணக்கு எதுவானாலும் நிரல் தானாகவே உள்ளே விட்டுவிடும். சிபாரிசே வேண்டாம்.

“எவ்வளவு நேரம் கேட்டிருக்கீங்க?”

“ரெண்டு நாள்.”

“போன தடவை இதே மாதிரி கணக்கு எப்போ முடிஞ்சுது?”

அத்தான் ஜன்னலைப் பார்த்தார். “ஒரு... ரெண்டு மணி நேரம் ஆயிருக்கும்.”

“அட அநியாயமே!”

“பின்னே? சொன்ன நேரம் தாண்டினா உன் நிரல் பாதியில கழுத்தை அறுத்துடுதே! கேக்கறதுதான் கேக்கறோம், தாராளமா கேப்போம்னு...”

கழகத்தில் எல்லோருக்கும் இருந்த வியாதிதான். சராசரி எடுக்கக்கூட ஒரு யுகம் கேட்பார்கள். நிரல் பாவம், அத்தனை பேரையும் நம்பியது.

“மூணு மணி நேரம்னு மாத்துங்க. உள்ளே போயிடும்.”

“தாண்டிட்டா?”

“அறுத்துடும். நான் குறுக்கே வர மாட்டேன்.”

அத்தான் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினார். திறப்பதற்குள் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது.

ஆனால் இந்தத் தடவை புயலைக் கொஞ்சம் பலமாகவே கொடுத்திருந்தார். இரண்டு மணி நேரம் கடந்தும் கணக்கு முடியவில்லை. அத்தான் அறையைச் சுற்றிய சுற்றில் தரை அரை அங்குலம் தேய்ந்தது. அவள் வேலை செய்வதுபோல் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கழுத்தறுக்கும் விதியை எழுதிய தன் கையை அன்றுதான் முதன்முதலாகத் திட்டினாள்.

கெடு முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது திரையில் விடை விழுந்தது.

“ஆடுது!” என்று அலறினார் அத்தான்.

“ஐயோ, எவ்வளவு?”

“விரற்கடைதாம்மா! அவ்வளவு காத்துக்கும் விரற்கடைதான்!”

அவர் ஓடிய வேகத்தில் கதவு இரண்டு முறை தானாக மூடித் திறந்தது. பிற்பகலில் மருந்தியல்காரர்கள் முடித்ததும் வானியல் கணக்கு நான்கு கட்டடங்களிலும் ஏறி உட்கார்ந்தது. விசிறிகள் போட்ட இரைச்சலில் கட்டடங்களே பறந்துவிடும் போலிருந்தது. வானியல்காரருக்கு ஒரு நொடிகூடத் தாமதமில்லை.

இரவு அக்கா போன் பண்ணினாள். “உங்க அத்தான் ஜெயிச்சுட்டாராம்டி. குதிக்கற குதியில கீழ்வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்க!”

மறுநாள் காலை நடைபாதையில் அத்தானின் குரல். வானியல்காரரையும் மருந்தியல்காரரையும் சுவரோரம் ஒதுக்கி நிறுத்தியிருந்தார்.

“எதுக்குய்யா கூட்டிக் கேக்கறீங்க? தேவைப்படற நேரத்தை உண்மையாச் சொல்லுங்கய்யா!”

பிறந்ததிலிருந்து பொய்யே அறியாதவர் போல முழங்கினார். வரிசையக்கா வெளியே வரவில்லை. அவள் திரையில் ஒரு வாரம் கேட்டிருந்த கணக்கொன்று அரை நாளாகச் சுருங்கிக்கொண்டிருந்தது.