எதிர்க்கடைக்காரர் வாயில் வந்தது

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"சிரிக்க மாட்டேன்னு வாக்கெல்லாம் குடுக்க முடியாது. கேளுங்க."

"அப்ப சாயங்காலம் கேக்கறேன்."

தையல்காரரும் அவர் மனைவியும் ஒழுங்காகப் பேசிக்கொண்டது அதுதான் கடைசி. அன்று மதியம், சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவரைப் பக்கவாதம் தாக்கி, வலது கையையும் பேச்சையும் கொண்டுபோனது. சில வாரங்கள் கழித்துப் பேச்சு திரும்பி வந்தது. வந்தது பக்கத்துக் கட்டில் கண்டக்டரின் வாய்க்கு.

ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், பேச்சை மீட்கும் புது மருந்து ஒன்றுக்கு ட்ரையல் நடந்துகொண்டிருந்தது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று ஊசி போடும் நர்ஸுக்கும் தெரியாது, பெரிய டாக்டருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பதே விதி. அங்கேதான் ஒரு நாள் காலை கண்டக்டர், தையல்காரரின் மனைவியைப் பார்த்து, "அடியே, கடைச் சாவிய எங்க வெச்ச?" என்று கேட்டார். பழம் நறுக்கிக்கொண்டிருந்த கண்டக்டரின் மனைவி கத்தியைக் கீழே வைக்காமலே எழுந்துவிட்டாள். நல்லவேளையாக அதற்குள் தையல்காரர் வாய் திறந்து, படியில் நிற்காமல் எல்லோரும் உள்ளே தள்ளிப் போகச் சொன்னார். கண்டக்டரின் மனைவிக்கு விஷயம் புரிந்துபோயிற்று. அன்றிலிருந்து இரண்டு பெண்களும் முக்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டார்கள்.

பெரிய டாக்டர் வந்து பார்த்தார். நோயாளி பேசுகிறாரா என்பதுதான் ட்ரையலின் கேள்வி. யாருடைய பேச்சு என்பது அதில் இல்லை. பேசுகிறார் என்று குறித்துக்கொண்டு போனார். பேச்சும் ஒரு வாயில் நிலைக்கவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் ஒரு வாரம் முழுக்கக் கத்தரிக்காய் விலை கூவினார். அவர் குரலுக்கு அது நன்றாகவே பொருந்தியது. அவருக்கு அடுத்த கட்டில் காய்கறிக்காரம்மா நாலு பேரை ஜெயிலில் தள்ள உத்தரவிட்டார்.

தையல்காரரின் மனைவி கட்டில் கட்டிலாகப் போய்ப் புருஷன் பேச்சைப் பொறுக்கி எடுத்தாள். தண்ணீர் கேட்டது, தலையணையைத் திட்டியது, எல்லாம் கிடைத்தது. சாயங்காலம் கேட்கிறேன் என்றாரே, அது மட்டும் எந்த வாயிலும் வரவில்லை. அதென்ன என்று அவள் முகத்தைப் பார்த்தபோதெல்லாம் தையல்காரர் காது சிவந்து மேலே மின்விசிறியைப் பார்த்தார். வெள்ளிக்கிழமையோடு ட்ரையல் முடிகிறது. ஆளுக்கொரு பக்கம் வீட்டுக்குப் போய்விட்டால், அப்புறம் எந்த வாயில் போய்த் தேடுவது?

பாக்கி இருந்தது கடைசிக் கட்டில் மட்டும்தான். அதில் படுத்திருந்தவர், தையல்காரர் கடைக்கு நேர் எதிரே தையல் கடை வைத்திருந்தவர். இதுவரை ஒரு முனகல்கூட இல்லாததால், அவருக்கு உப்புத் தண்ணீர்தான் என்று நர்ஸ் மனசுக்குள் முடிவு கட்டியிருந்தாள். கல்யாணமான புதிதில் தையல்காரர் மனைவிக்கென்று தைத்த முதல் ரவிக்கையில் தோள் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் துணியெல்லாம் எதிர்க்கடைக்குத்தான் போனது. தையல்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிர்க்கடைக்காரரோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அவளும் நர்ஸும் சேர்ந்து, தையல்காரரின் கட்டிலைத் தள்ளிக்கொண்டுபோய் எதிர்க்கடைக்காரர் கட்டிலோடு ஒட்டிப் போட்டார்கள். தையல்காரர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் அவருடைய வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எதிர்க்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். வரப்போவது தன் பேச்சில்லை என்று தெரிந்து கண்ணை விரித்தார்.

"இனிமே எதிர்க்கடையில துணி குடுக்காதடி," என்றது அவர் வாய். "உனக்கு நான் தைக்கிறேன். இப்ப ஒரு கைதான், நாளாகும். கோணலாத்தான் வரும். சிரிச்சா சிரிச்சுக்கோ. ஆனா போட்டுக்கோ."