மிதவையில் ஒன்று, கூடையில் ஒன்று

வீட்டு நீச்சல் குளம் பச்சையாகிக் கிடப்பதைப் பார்த்ததும் சர்வேயருக்கு முதலில் வந்தது கோபம்தான். ஊரையெல்லாம் அளந்து ஓய்வு பெற்ற மனிதர். உப்பைக்கூடக் கரண்டியில் தலைதட்டித்தான் போடுவார். அப்பேர்ப்பட்டவர் வீட்டிலா இப்படி? மனைவி மகள் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. எந்த நேரமும் திரும்பி வரலாம். வந்து இந்தத் தண்ணீரைப் பார்த்தால் வாய்க்கு வந்தபடி கேட்பாள். கேட்கட்டும், அதற்காகவாவது வந்தால் சரி என்றும் இருந்தது.

குளோரின் சோதித்தார். குறையில்லை. அப்படியானால் ஸ்டெபிலைசர்தான். டிவிக்கும் பிரிட்ஜுக்கும் வைக்கிற பெட்டியில்லை இது; வெயிலில் குளோரின் பறந்துவிடாமல் பிடித்து வைக்கிற மருந்து. மிதவையில் போட்டுக் குளத்தில் மிதக்க விடுகிற குளோரின் மாத்திரையிலேயே கலந்து வரும். அளவோடு இருந்தால் காவல். மிஞ்சினால் குளோரினையே வேலை செய்யவிடாது. குளோரின் தீர்ந்துபோகும், இது போகாது. போடப் போடத் தண்ணீரிலேயே சேரும்.

குளத்துத் தண்ணீரையும் சோதனை மருந்தையும் சின்னப் புட்டியில் விட்டுக் குலுக்கினார். பால் மாதிரி கலங்கியது. அடியில் கரும்புள்ளி வைத்த குழாயில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மேலிருந்து பார்த்தார். புள்ளி எந்தக் கோட்டில் மறைகிறதோ அதுதான் அளவு; சீக்கிரம் மறைந்தால் மருந்து அதிகம். குழாய் கால்வாசிகூட நிறையவில்லை, புள்ளியைக் காணோம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை செய்தார். அதே கதைதான். இருக்க வேண்டியதைப் போல இரண்டு பங்குக்கு மேல் இருந்தது.

"வாரம் ஒண்ணுதானேடா மிதவையில போட்டே?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பதில் சொல்ல வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

பம்ப் அறையில், துடைப்பத்துக்குப் பின்னால், அவர் வாங்காத ஒரு மாத்திரை டப்பா இருந்தது. முக்கால்வாசி காலி. ஈரம் படாமலிருக்க மூடியின் மேல் பிளாஸ்டிக் பை, அதைச் சுற்றி இறுக்கிய ரப்பர் பேண்ட். இப்படிக் கட்டுகிற ஆள் உலகத்திலேயே ஒருத்திதான்.

வீட்டை விற்றுவிட்டு மகள் பக்கத்திலேயே போய் இருக்கலாம் என்று அவள் ஒருநாள் சொன்னாள். "போறதுன்னா நீ போ" என்று இவர் எடுத்தெறிந்து பேசினார். அன்றிலிருந்து அவள் மாடியில், இவர் கீழே. ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கு முன்பெல்லாம் இவர் விடியற்காலையில் நீந்துவார். அவள் சாயங்காலம், இவர் நடக்கப் போகிற நேரத்தில்.

போனை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். பேச ஒரு காரணம் கிடைத்ததில் உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

"குளத்துல மாத்திரை போட்டியா நீ?"

"ஆமா, வாரா வாரம். வடிகட்டிக் கூடையில. ஏன்?"

"நானும் மிதவையில போட்டுட்டு இருந்தேன்."

"நீங்களா? நீங்க எங்க இதெல்லாம் பார்க்கப் போறீங்கன்னுதான் நான் போட்டேன். காலங்காத்தால அதுல இறங்குறீங்க, சொறி சிரங்குன்னு ஏதாவது வந்துடக் கூடாதேன்னு."

"நான் இறங்கியே ஒரு வருஷம் ஆச்சு." "நீ சாயங்காலம் இறங்குவேன்னுதான் போட்டேன்."

"நான் எங்க இறங்கினேன்?"

அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது, பேத்தி எதற்கோ சிணுங்கினாள். சர்வேயருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாருமே இறங்காத தண்ணீரை இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு காப்பாற்றியிருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்டால் கௌரவம் என்ன ஆவது!

"இப்ப என்ன பண்ணணும்?" என்று அவளே கேட்டாள்.

"பாதித் தண்ணிய வெளிய விட்டுட்டுப் புதுசா ரொப்பணும். வேற வழியில்ல. நாளைக்கே பண்ணிடுறேன். நீ வர்றதுக்குள்ள தெளிஞ்சிடும்."

அவள் பதில் சொன்னபோது குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"பண்ணுங்க. அப்புறம் அளவு ஏறாதுங்க. இனிமே நீங்க ஒருத்தர்தானே போடப் போறீங்க."