கம்பெனி வீட்டுப் பாட்டில்

விடிந்து பார்த்தால், ஜெயஸ்ரீயின் வலது கன்னம் கண்ணையே மூடும் அளவுக்கு வீங்கியிருந்தது. முந்தின நாளே கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது. பல்லில் பூச்சி, கிராம்பு வைத்தால் அடங்கிவிடும் என்று நீலாவதி விட்டுவிட்டாள். நாலு வயசுப் பிள்ளைக்கு இருப்பது பால் பல். விழுந்து முளைக்கப் போகிற பல்லுக்கு எவளாவது டாக்டரிடம் போவாளா? இப்போது உடம்பு அனலாய்க் கொதிக்க, வாயைத் திறக்க முடியாமல் மகள் முனகியதைப் பார்த்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பத்து மாசக் கைக்குழந்தை பாரியைக் கம்பெனித் தூளியில் போட்டு, கூட வேலை செய்கிற கமலத்திடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மகளைத் தோளில் சாத்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பல் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு சிமெண்ட் ஷீட் கொட்டகை, ஏழு பெண்கள், பலகை பலகையாகப் பீங்கான் பிள்ளையார்கள். கரைத்த மண்ணை அச்சில் ஊற்றி, சுவரோரம் ஒட்டுகிற பக்குவம் பார்த்து, நடுவில் நிற்கிற மிச்சத்தைக் கவிழ்க்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் பொம்மை தடித்துப்போய்க் குப்பைக்குத்தான் போகும். பிள்ளை அழுகிறதே என்று எழுந்து போக அங்கே நேரம் கிடையாது. கை முழுக்க மண் வேறு. இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவளே நீலாவதிதான். சர்க்கரைத் தண்ணீரில் இரண்டு பிஸ்கட்டைக் கரைத்துப் பாட்டிலில் ஊற்றி, தூளிக் கயிற்றில் துணியால் கட்டித் தொங்கவிட்டால், ரப்பர் சரியாகப் பிள்ளையின் வாய்க்கு வரும். சப்பிக்கொண்டே தூங்கும், விழித்தால் மறுபடி சப்பும். ஜெயஸ்ரீ அப்படித்தான் மூன்று வயசு வரை சத்தம் காட்டாமல் வளர்ந்தாள். இவள் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொரு பாட்டில் வாங்கினார்கள். அதில் நீலாவதிக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

ஆஸ்பத்திரியில் முதலாளி குருமூர்த்தியின் மனைவி அம்புஜவல்லி, மகள் பூர்ணிமாவோடு உட்கார்ந்திருந்தாள். பூர்ணிமாவுக்கும் நாலு வயசுதான். பிள்ளைக்கு ஒரு நோவும் இல்லை. ஆறு மாசத்துக்கு ஒருமுறை பல்லைக் காட்டிவிட்டுப் போவார்களாம். வலியே இல்லாமல் டாக்டரிடம் வருகிற மனுஷர்களும் இருக்கிறார்கள் என்பது நீலாவதிக்கு அன்றுதான் தெரியும்.

அம்புஜவல்லி நல்ல மனசுக்காரிதான். வீக்கத்தைப் பார்த்ததும் பதறி, "மொதல்ல இந்தப் புள்ளையப் பாருங்க டாக்டர்" என்று தன் முறையை விட்டுக்கொடுத்து, கூடவே உள்ளேயும் வந்தாள்.

டாக்டர் பிரபா விளக்கைத் திருப்பி, மெதுவாகப் பிள்ளையின் உதட்டை விலக்கினார். மேல் வரிசை முன்பற்கள் நாலும் கரைந்து, ஈறோரம் கறுப்புத் துணுக்குகளாக நின்றன. கடைவாயில் குழி குழியாக இருந்தது. தினம் சோறு ஊட்டுகிற தாய்தான். இருந்தாலும் இந்த வாயை இவ்வளவு வெளிச்சத்தில் அவள் பார்த்ததே இல்லை.

"எட்டுப் பல்லு போயிடுச்சும்மா. சீழ் கட்டியிருக்குது. இன்னும் ரெண்டு நாளு வுட்டிருந்தா உசுருக்கே ஆபத்தாயிருக்கும்" என்றார் டாக்டர். "தூங்குறப்ப பாட்டில்ல இனிப்பா ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"குடுத்தங்க. ஆனா நல்ல பாட்டிலுங்க, டாக்டரம்மா" என்றாள் நீலாவதி அவசரமாக. "இவளுக்கு ஒரு வயசுல, இந்த அம்மாதான் அவங்க வூட்டு பாட்டில குடுத்தாங்க."

அம்புஜவல்லி திகைத்துப்போனாள். "அதையா இத்தினி நாளு குடுத்தே? பூர்ணிமாவுக்கு ஒரு வயசு ஆனதுமே பாட்டில நிறுத்துங்க, பல்லு சொத்தையாயிடும்னு டாக்டர் சொல்லிட்டாங்க நீலா. நல்ல பாட்டிலு, தூக்கிப் போட மனசு வரல. அதான் ஒனக்குக் குடுத்தேன்."

நீலாவதி அவள் பக்கம் திரும்பினாள். "அத அப்பவே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதாம்மா?"

"உங்க புள்ளைங்களுக்கு அதெல்லாம் ஒண்ணும் பண்ணாதுன்னு நெனச்சேன். கெட்டியான ஒடம்பாச்சே."

கேலியாகச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னாள். அதுதான் நீலாவதிக்குத் தாங்கவில்லை. கெட்டியான உடம்பாம்! மண் சுமக்கிறவள் பெற்றால் பிள்ளைக்கு இரும்பிலா பல் முளைக்கும்? வாசலில் பூர்ணிமா பச்சரிசிப் பற்கள் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சின்னதின் மேல் ஒரு நொடி பொறாமை வந்தது. வந்ததற்காக நீலாவதி தன்னையே நொந்துகொண்டாள்.

ஊசி போட்டு, சீழ் பிடித்த கடைவாய்ப் பல்லை மட்டும் டாக்டர் அன்றைக்குப் பிடுங்கினார். மற்றதை வீக்கம் வடிந்ததும் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டுமாம். ஜெயஸ்ரீ அலற அலற, நீலாவதி அவள் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பஞ்சைக் கடிக்க வைத்து மகளைத் தூக்கிய பிறகுதான் அவளுக்குச் சட்டென்று உறைத்தது. பாரி! முளைத்து மூன்று மாசம்கூட ஆகாத நாலு பல்லோடு, அவன் இந்நேரம் அதே பாட்டிலைத்தான் சப்பிக்கொண்டிருப்பான்.

கம்பெனிக்குள் மூச்சிரைக்க நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஐந்து தூளிகள். ஐந்திலும் பாட்டில். எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்த அதே முடிச்சு. அவள் ஒவ்வொன்றாக அறுத்து எடுக்க எடுக்க, பிள்ளைகள் சேர்ந்து வீறிட்டன.

"எக்கா, பைத்தியமா புடிச்சிருக்குது?" என்று கத்தினாள் கமலம். "கவுக்குற நேரம். அச்சு கெட்டிப்போயிடும். பாட்டில வையி!"

"வைக்க மாட்டன்டி. இது வெஷம்."

"வெஷமா? நீதானக்கா எங்களுக்குச் சொல்லிக் குடுத்தே?"

நீலாவதி தோளிலிருந்த மகளை இறக்கினாள். ஜெயஸ்ரீயைப் பலகை மேல் உட்கார வைத்தாள். ரத்தம் ஊறிய பஞ்சை எடுத்தாள். "ஆ காட்டு கண்ணு. எல்லாரும் பாக்கட்டும்" என்றாள். பிள்ளை அழுதுகொண்டே, முடிந்த அளவுக்குத் திறந்தது.

கமலம் குனிந்து பார்த்தாள். விறுவிறுவென்று தன் மகன் தூளிக்குப் போய், மண் அப்பிய விரலாலேயே அவன் மேலுதட்டைத் தூக்கினாள்.

"எக்கா" என்றாள், குரல் எழும்பாமல். "இங்கயும் கறுத்திருக்குது."

அதன் பிறகு யாரும் அச்சைக் கவிழ்க்கப் போகவில்லை. தூளிகளை நோக்கி ஓடினார்கள்.