ஜூலை ஆறு, நண்பகல் வரை

கான்சஸ் சிட்டி அணியின் மேலாளர் ஹோலிஸ் ப்ரெக் அந்த ஐந்து நாட்களில் வில்லா டர்பினிடம் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

வில்லா, லூயிவில்லில் ஒரு பல் டாக்டரின் மாடியில் இரண்டு அறை எடுத்து வக்கீல் தொழில் பார்த்தவள். கூடைப்பந்து ஆட்டக்காரர்களுக்கு ஏஜென்ட். பெரிய கம்பெனிகளில் நூறு ஆட்டக்காரர்கள் இருப்பார்கள். அவளிடம் ஐந்தே பேர். அதில் நான்கு பேர் வருடத்துக்கு ஒரு ஊர் மாறுகிறவர்கள், ஆட்டம் முடியப்போகும் சமயத்தில் ஐந்து நிமிடம் இறக்கிவிடப்படுகிறவர்கள். ஐந்தாமவன் கெண்ட்ரெல் மேபின். ஏழடி உயரம், இருபத்தேழு வயது. கூடைக்கு அடியில் அவன் கையைத் தூக்கி நின்றுவிட்டால் எதிரணி வேறு வழி தேட வேண்டியதுதான்.

அவனுக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது பெரிய ஏஜென்ட்டுகள் புதுக் கார்களோடு வாசலில் வந்து நின்றார்கள். அவன் அம்மா லுவெனியா எல்லோரையும் அனுப்பிவிட்டாள். "மத்தவங்க என் பையனைப் பார்த்துப் பேசுறாங்க. இவ என்னைப் பார்த்துப் பேசுறா" என்று சொல்லி வில்லாவை வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் எட்டு வருடம். நவம்பர் கடைசியில் வரும் நன்றித் திருநாள் விருந்துக்கு வில்லாவுக்கு அந்த வீட்டு மேஜையில் ஒரு நாற்காலி உண்டு. லுவெனியா முட்டி ஆபரேஷன் செய்துகொண்டபோது ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளும் வில்லாதான்.

அந்தக் கோடையில் லூயிவில் அணியோடு கெண்ட்ரெலின் ஒப்பந்தம் முடிந்தது. ஒப்பந்தம் முடிந்தவன் ஜூலை முதல் தேதியிலிருந்து யாரோடு வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் ஆறாம் தேதி நண்பகலுக்கு முன்னால் கையெழுத்துப் போட முடியாது. நடுவில் இருப்பதெல்லாம் வாய்வார்த்தை. அதை நம்பித்தான் அணிகள் பழைய ஆளை அனுப்பும், ஆட்டக்காரர்கள் வீட்டை விற்பார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பார்ப்பார்கள்.

முதல் தேதி காலையிலேயே ஹோலிஸ் விமானம் ஏறி வந்துவிட்டார். லுவெனியா கெளுத்தி மீன் பொரித்து, வாழைப்பழ புட்டிங் செய்து வைத்திருந்தாள்.

கெண்ட்ரெல் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினான். "அஞ்சு வருஷமா நான் அங்க தூண் மாதிரி மறிச்சு நிக்கிறேன் சார். என் தோள்ல இடிச்சுக்கிட்டு மத்தவங்க போய்ப் பந்து போடுறாங்க. கோச் டக்கெட் என்கூட பேசுறதே, 'கையத் தூக்கு'ன்னு கத்துறதுக்குத்தான்."

"எங்க ஊர்ல பந்து முதல்ல உன் கைக்குத்தான் வரும்" என்றார் ஹோலிஸ்.

"உங்க ஊர்ல கறியைச் சுட்டுச் சுட்டே ஆளைக் குண்டாக்கிடுவாங்களாமே?" என்று லுவெனியா கேட்டாள்.

"வாரம் ஒரு பெட்டி அனுப்பி வைக்கிறேன், மிஸ் லுவெனியா."

"பெட்டி எதுக்கு? நானே வந்து தின்னுட்டுப் போறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கெண்ட்ரெல் எழுந்து நின்று கையை நீட்டினான். ஹோலிஸின் கை மணிக்கட்டு வரைக்கும் அதற்குள் காணாமல் போனது. "வர்றேன் சார். முடிஞ்சுது" என்றான்.

வாடகைக் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு ஹோலிஸ் முதல் முறை கேட்டார். "வில்லா, உறுதிதானே?"

"உறுதி. என் வார்த்தை."

அன்று மதியமே அவள் அவனைக் கேட்ட மற்ற நான்கு அணிகளுக்கும் போன் செய்து வேண்டாம் என்று சொன்னாள். லூயிவில் அணிக்கும் சொன்னாள். அவர்கள் ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அது அவளுக்குக் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

மூன்றாம் தேதி ஹோலிஸ் போனில் வந்தார். குரல் இறங்கியிருந்தது. "ஸ்வீனி விஷயம், வில்லா. பதினோரு வருஷமா எங்க கூடைக்கு அடியில நிக்கிறவன். கெண்ட்ரெலுக்குச் சொன்ன சம்பளத்தைக் குடுக்கணும்னா, லீக் வெச்சிருக்கிற வரம்புக்குள்ள இவனுக்கு இடமில்ல. மேற்குக் கரையில ஒரு டீம் கூப்பிடுறாங்க. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் வேணுமாம். நான் போகச் சொல்லிட்டா திரும்பக் கூப்பிட முடியாது. உறுதிதானே? சொல்லட்டுமா?"

"பத்து நிமிஷம் குடுங்க" என்றாள் வில்லா. அவளுக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை. இன்னொருவன் பிழைப்பு இதில் இருக்கிறதே என்றுதான் லுவெனியாவைக் கூப்பிட்டாள்.

"வீட்டுப் படமாப் பார்த்துக்கிட்டு இருக்கோம், கண்ணு" என்றாள் லுவெனியா. "அந்த ஊர் வீடெல்லாம் கூரை தாழ்வா இருக்கு. இவன் நடந்தா விளக்கெல்லாம் உடையும்."

பின்னால் ஆண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. "யாரு, விருந்தாளிங்களா?" என்று வில்லா கேட்டாள்.

"சபைக்காரங்க. நீ சாப்பிட்டியா?"

வில்லா ஹோலிஸைத் திரும்ப அழைத்தாள். "உறுதி. அனுப்புங்க" என்றாள்.

ஐந்தாம் தேதி மாலை அவர் மூன்றாவது முறை கேட்டார். நாளைக்கு நேரில் வரட்டுமா என்றார். எதற்கு வீண் அலைச்சல், காகிதத்தை அனுப்பினால் போதும் என்றாள் வில்லா. "நாளைக்குப் பார்க்கலாம் மிஸ் வில்லா" என்று கெண்ட்ரெல் அன்று மதியம் ஒரு வரி அனுப்பியிருந்தான். அதைக்கூட அவரிடம் படித்துக் காட்டினாள்.

"ஒரு சந்தேகமும் இல்லையே?"

"இல்ல, ஹோலிஸ். நிம்மதியாத் தூங்குங்க."

ஆறாம் தேதி காலை ஒன்பதிலிருந்து கெண்ட்ரெல் போனை எடுக்கவில்லை. லுவெனியாவும் எடுக்கவில்லை. பத்தரை மணிக்கு வில்லா காரை எடுத்தாள். ஆற்றோரச் சாலையில் வெயிலில் கண் கூசியது. போனில் சார்ஜ் இல்லாமல் போயிருக்கும், ஆட்கள் வந்துபோகிற வீடு, கவனித்திருக்க மாட்டார்கள் என்று வழி நெடுக ஒவ்வொரு காரணமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள்.

வீட்டு முன்னால் ஆறு கார்கள் நின்றன. அதில் ஒன்று லூயிவில் அணியின் நீல வேன்.

கதவைத் திறந்தவன் கெண்ட்ரெலின் சித்தி மகன். "தூங்குறான்" என்றான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலாக அவள் உள்ளே பார்த்தாள். வாசலை ஒட்டிப் படகு மாதிரிப் பெரிய பெரிய செருப்புகள். மேஜையைச் சுற்றி லூயிவில் ஆட்டக்காரர்களின் சீட்டாட்டம். அடுப்படியில், லுவெனியாவின் பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கோச் டக்கெட் முட்டை பொரித்துக்கொண்டிருந்தார்.

அவர் எதற்கோ சிரித்தார். மூன்றாம் தேதி போனில் கேட்ட அதே சிரிப்பு.

லுவெனியா வெளியே வந்து கதவைப் பின்னால் இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

"எப்போ?" என்று கேட்டாள் வில்லா.

"ரெண்டாம் தேதி சாயங்காலம். கோச் வந்தாரு. உட்கார்ந்து அழுதாரு வில்லா, அந்தப் பெரிய மனுஷன். அஞ்சு வருஷமா இவனை நான் சரியா நடத்தலன்னாரு. இனிமே இவனை வெச்சுத்தான் டீமேன்னாரு. பையன் மனசு இளகிடுச்சு. எனக்கும்தான். பேரப்பிள்ளைங்க இந்த ஊர்ல இருக்கு. நான் எங்க போவேன்?"

"ரெண்டாம் தேதி." வில்லா அதையே திரும்பச் சொன்னாள். "மூணாம் தேதி நான் கூப்பிட்டேன். வீட்டுப் படம் பார்க்கிறோம்னு சொன்னீங்க."

லுவெனியா கை விரல்களைப் பார்த்தாள். பிறகு, "சொன்னேன்" என்றாள்.

"சபைக்காரங்கன்னு சொன்னீங்க."

"சொன்னேன், கண்ணு."

"ஏன் மிஸ் லுவெனியா? மனசு மாறிடுச்சுன்னு சொல்லியிருந்தா நான் என்ன அடிச்சிருப்பேனா?"

"நேரா அந்த ஹோலிஸுக்குப் போன் போட்டிருப்ப. போட மாட்டேன்னு சொல்லு பார்ப்போம்." லுவெனியா நிமிர்ந்தாள். "உனக்குப் பொய் சொல்ல வராது. எட்டு வருஷமா பார்க்கிறேனே. அவருக்குத் தெரிஞ்சா அடுத்த ப்ளேன்ல வந்து இங்க உட்காருவாரு. என் பையன் யாரு எதிர்ல உட்கார்ந்தாலும் சரின்னு தலையாட்டுவான். அதான் உன்கிட்ட மறைச்சோம். நீ நல்லவன்னுதான் மறைச்சோம். இதைத் தப்பா எடுத்துக்காத."

அந்த நேரம் கதவு திறந்தது. கெண்ட்ரெல் குனிந்து வெளியே வந்தான். கையில் தட்டு. அவன் முகத்தில் குற்ற உணர்ச்சி இருக்கும் என்று வில்லா எதிர்பார்த்திருந்தாள். பசிதான் இருந்தது.

"மிஸ் வில்லா! உள்ள வாங்க. கோச் முட்டை போடுறாரு, நம்ப மாட்டீங்க."

"ஹோலிஸ்கிட்ட பேசிட்டியா?"

"நானா?" அவன் நிஜமாகவே திகைத்தான். "நீங்கதானே பேசணும். அதானே உங்க வேலை?"

மணி பதினொன்று இருபது. வில்லா திரும்பி நடந்து காருக்குள் உட்கார்ந்தாள். கண்ணாடியை இறக்கக்கூட மறந்துவிட்டாள். உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது. ஹோலிஸ் முதல் மணியிலேயே எடுத்தார்.

"காகிதம் வந்துடுச்சா?" என்று உற்சாகமாகக் கேட்டார்.

அவள் சொன்னாள்.

"எப்போலேருந்து தெரியும்?"

"இப்போதான். பத்து நிமிஷம் முன்னாடி."

"நேத்துச் சாயங்காலம் கேட்டேன், வில்லா."

"தெரியும்."

"நிம்மதியாத் தூங்குங்கன்னீங்க. அவன் வீட்ல நாலு நாளா லூயிவில்காரங்க டேரா போட்டிருக்காங்க. அதே ஊர்ல இருக்கீங்க. அந்த வீட்டுல ஒருத்தி மாதிரி இருக்கீங்க. உங்களுக்குத் தெரியாது?"

"தெரியாது, ஹோலிஸ். சத்தியமா."

"எந்த ஊர்ல கையெழுத்துப் போட்டாலும் உங்க கமிஷன் வந்துடும், இல்ல?" அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்க முடியும். "நான் ஸ்வீனிக்குப் போன் பண்ணணும். அவன் அங்க சரின்னு சொல்லிட்டான். அவன் பொண்டாட்டி நேத்து பள்ளிக்கூடம் பார்க்கப் போயிருக்கா. அவன்கிட்ட நான் என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க."

அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.

வில்லா கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தாள். அவள் பொய் சொல்லாதவள் என்று உறுதியாகத் தெரிந்த இரண்டே பேர் அந்தக் கதவுக்குப் பின்னால் முட்டை தின்றுகொண்டிருந்தார்கள். அதை எடுத்துச் சொல்லக்கூடிய சாட்சிகளும் அவர்கள்தான்.

நண்பகல் தாண்டிய முதல் நிமிடத்தில் கெண்ட்ரெல் லூயிவில்லோடு கையெழுத்துப் போட்டான். ஸ்வீனி மேற்குக் கரைக்கே போய்விட்டான். ஹோலிஸ் நிருபர்களிடம் யாரையும் திட்டவில்லை. "நேற்று மாலை வரைக்கும் எங்களுக்கு உறுதி கொடுக்கப்பட்டது" என்று மட்டும் சொன்னார். யார் கொடுத்த உறுதி என்று அந்தத் தொழிலில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் வில்லா, இனி உனக்கு நான் ஏஜென்ட் இல்லை என்று கெண்ட்ரெலுக்கு இரண்டு வரிக் கடிதம் அனுப்பினாள். அந்த ஒப்பந்தத்தில் தனக்கு வரவேண்டியது எதுவும் வேண்டாம் என்பது இரண்டாவது வரி. லுவெனியா ஒரு பாத்திரம் நிறைய வாழைப்பழ புட்டிங் கொடுத்தனுப்பினாள். வில்லா அதைக் கீழே பல் டாக்டரின் ஆட்களிடம் கொடுத்துவிட்டாள். நன்றாக இருந்தது, யார் செய்தது என்று அவர்கள் கேட்டார்கள். தெரிந்தவர்கள் என்றாள்.

மீதி நான்கு பேரில் ஒருவன் ஆகஸ்டில் விலகினான். காரணம் சொல்லவில்லை. மற்றவர்களுக்காக அவள் அணிகளை அழைத்தபோது, முன்பெல்லாம் போனிலேயே முடிகிற விஷயத்துக்கு, "எழுத்துல அனுப்பிடுங்களேன்" என்றார்கள். எல்லோரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

நவம்பரில் கெண்ட்ரெல் கூப்பிட்டான். புதிய ஏஜென்ட் பெரிய ஆள், ஆனால் போனை எடுப்பதே அவனுடைய உதவியாளன்தான் என்று குறைப்பட்டான். "திரும்பி வாங்க மிஸ் வில்லா. அம்மா உங்களையே கேக்குறாங்க. விருந்துக்கு உங்க நாற்காலியை யாருக்கும் குடுக்க மாட்டாங்களாம்."

"என்னால முடியாதுடா."

"இன்னும் கோவமா?"

கோபம் என்று சொன்னால் அவனுக்குப் புரியும், சமாதானம் பேசுவான். அவள் அதைச் சொல்லவில்லை. "ஒரே ஒரு உதவி பண்ணு" என்றாள். "ஹோலிஸுக்கு ஒரு போன் போடு. எனக்குத் தெரியாது, நீங்க என்கிட்ட மறைச்சீங்கன்னு சொல்லு. அவ்வளவுதான். ரெண்டு நிமிஷம்."

"அட, இவ்வளவுதானா? நாளைக்கே பேசுறேன். கண்டிப்பா."

"கண்டிப்பா?"

"சொல்லிட்டேன்ல."

பிப்ரவரியில் கான்சஸ் சிட்டி அணி சின்சினாட்டிக்கு ஆட வந்தது. சின்சினாட்டி அணியில் வில்லாவின் ஆட்டக்காரன் ஒருவன் இருந்தான். அவனைப் பார்க்க அவள் காரோட்டிப் போயிருந்தாள். இடைவேளையில் அரங்கத்தின் நடைபாதையில் ஹோலிஸ் எதிரே வந்தார். நின்றார். பனியில் சாலை எப்படி இருந்தது என்று கேட்டார். மோசமில்லை என்றாள். அவர் அணி அந்த வருடம் தோற்றுக்கொண்டே இருந்தது, முகம் மெலிந்திருந்தது.

அவர் ஏதாவது சொல்வார் என்று அவள் ஒரு நிமிடம் காத்திருந்தாள். பிறகு தானே கேட்டாள்.

"கெண்ட்ரெல் உங்ககிட்ட பேசினானா?"

ஹோலிஸ் புருவத்தைச் சுருக்கினார். "இல்லியே. எதைப் பத்தி?"

"ஒண்ணுமில்ல" என்றாள் வில்லா. இரண்டாம் பாதிக்கான மணி அடித்தது. தன் ஆட்டக்காரனை இந்த முறையாவது இறக்குகிறார்களா பார்க்கலாம் என்று அவள் தன் இருக்கையைத் தேடிப் போனாள்.