சண்முகவேல் டாக்கீஸில் முதல் கல்யாணம்

என் வீட்டுக்காரர் தனுஷ்கோடிக்கு ஒரு தொழிலை மூடத் தெரியும், திறக்கத் தெரியாது. சிவகாசி பஜாரில் மாடி வைத்த புதுத் தியேட்டர் வந்து எங்கள் சண்முகவேல் டாக்கீஸில் கூட்டம் குறைந்ததும், பூட்டைப் போட்டுவிட்டு வந்து சோறு கேட்டார். மாமனார் ஆசை ஆசையாகக் கட்டின கொட்டகை. அதைக் காகித வியாபாரி நல்லசிவம் அண்ணாச்சிக்குக் குடோனாகக் கொடுக்கப் போகிறேன் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஐப்பசி மழையில ஊரு பூரா கல்யாணப் பந்தல் ஒழுகுது. நம்ம கொட்டகை ஒரு சொட்டு ஒழுகுதா? கல்யாணத்துக்கு விடுவோம்" என்றேன்.

"சினிமாக் கொட்டகையில எவம்ளா தாலி கட்டுவான்?"

"கட்டுவாக, பாருங்க."

வந்தாரே உக்கிரபாண்டி! மல்லாங்கிணற்றில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி. மகள் வெள்ளைத்தாய்க்குச் சிவகாசியில் மாப்பிள்ளை. மழைக்குப் பயந்து எங்கள் கொட்டகையைக் கேட்டார். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகளெல்லாம் லீவு. ஊரே சும்மா இருந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இந்த ஒரு கல்யாணம் கோளாறில்லாம முடியட்டும், மண்டபம்னே வச்சுக்குவோம். இல்லேன்னா அன்னைக்கே சாவி அண்ணாச்சி கைக்குப் போயிரும்" என்றார் வீட்டுக்காரர். சொன்னதோடு நில்லாமல் நல்லசிவம் அண்ணாச்சியைக் கல்யாணத்துக்கே வரச் சொல்லிவிட்டார். அம்புட்டு நம்பிக்கை என் மேல்!

பெஞ்சுகளைப் பாதிக்கு மேல் தூக்கி ஓரங்கட்டி, பந்திக்கு இடம் செய்தோம். படம் விழுகிற வெள்ளைச் சுவரில் மங்கலமாக ஏதாவது எழுதச் சொல்லி, எங்களுக்கு விளம்பரத் தட்டி வரைகிற முத்துக்கருப்பனிடம் விட்டேன். அவனும் ஆள் உயரத்துக்கு 'சுபம்' என்று எழுதி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வரைந்தான். கெட்டிமேளம் கொட்டும்போது சிவப்புத் திரையை மேலே தூக்கி அதைக் காட்டுவதென்று ஏற்பாடு. நினைக்க நினைக்க எனக்கே புல்லரித்தது.

முகூர்த்தத்தன்று கொட்டகை கொள்ளாத கூட்டம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், படம் பார்க்கிற மாதிரியே உட்கார்ந்துவிட்டார்கள். மேளம் கொட்டியது. தாலி ஏறியது. திரை சரசரவென்று மேலே போனது.

சுபம்!

அவ்வளவுதான். பின்வரிசை எழுந்தது. வேட்டியை உதறிக் கட்டியது. அடுத்த வரிசையும் எழுந்தது. பக்கத்துக் கதவுகள் படார் படாரென்று திறந்தன. கேட்டுக்கார வெள்ளைத்துரை வருசக்கணக்காகச் செய்கிற வேலையைத்தான் செய்திருக்கிறான். வெளிச்சம் உள்ளே வந்தது, சனம் வெளியே போனது. ஒருத்தன் போனால் ஊரே பின்னால் போகுமே! பெண்கள் பக்கமும் பிள்ளைகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பியாயிற்று.

"ஏலே வெள்ளைத்துரை! யாருலே கதவத் தொறக்கச் சொன்னது?"

"சுபம் போட்டாச்சுல்லா முதலாளியம்மா?" என்றான் அந்தப் பாவி.

உக்கிரபாண்டி மேடையிலிருந்து ஓடி வந்தார். "ஏந்தாயி, ஒரு வாய் சோறு திங்காம அம்புட்டுப் பேரும் போறாகளே! எம் பொண்ணு கல்யாணத்துல பந்தி காஞ்சதுன்னு ஊரு பேசுமே!" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. அண்டா அண்டாவாகச் சோறு ஆவி பறக்கிறது. இலை போட்டபடி கிடக்கிறது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை! வீட்டுக்காரர் இடுப்பில் சாவிக்கொத்தைத் தடவிக்கொண்டே நல்லசிவம் அண்ணாச்சியைத் தேடினார். அவரும் கூட்டத்தோடு வெளியே போயிருந்தார்.

எனக்கு வந்ததே கோபம்! கோபத்தோடு ஒரு யோசனையும் வந்தது. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஆப்பரேட்டர் ரூம் படியில் ஏறினேன். ஆட்டம் தொடங்க அடிக்கிற மணிச் சுவிட்சை ஓங்கி அழுத்தினேன்.

கிர்ர்ர்ர்ர்ர்!

ஐயோ, அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டுமே! டீக்கடையில் நின்றவன் கிளாஸை வைத்தான். பீடி பற்ற வைத்தவன் தீக்குச்சியைப் போட்டான். "மணி அடிச்சிட்டான், ஓடியாங்கலே!" என்று ஒரு குரல். மொத்தக் கூட்டமும் வாசலில் முட்டி மோதி உள்ளே பாய்ந்தது. இடம் பிடிக்கத் துண்டைத் தூக்கி எறிந்தார்கள். துண்டு விழுந்த இடமெல்லாம் இலை! பந்திக்கு முந்து என்று சொல்லவா வேண்டும்? உட்கார்ந்துவிட்டார்கள்.

உக்கிரபாண்டி சிரித்துக்கொண்டே சோற்று வாளியைத் தூக்கினார். நானும் இறங்கி வந்து ரச வாளியை வாங்கிக்கொண்டேன். முதல் வரிசையில் முதல் ஆளாக நல்லசிவம் அண்ணாச்சி! ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. வீட்டுக்காரர் சாவிக்கொத்தோடு அவர் முன்னால் போய் நின்றார்.

அண்ணாச்சி ரசத்துக்குக் கையைக் குழித்தபடி நிமிர்ந்தார்.

"தனுஷ்கோடி, குடோன் கெடக்கட்டும்வே. தையில எம் மக கல்யாணம். கொட்டகைய மணியோட சேத்துத்தான தருவீக?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். சாவிக்கொத்தைப் பார்த்தார்.

"என்னையக் கேக்காதீக அண்ணாச்சி. முதலாளி இந்தா ரச வாளியோட நிக்கா" என்று சொல்லி, கொத்தை என் கையில் வைத்தார்.

அதை இடுப்பில் சொருகிக்கொண்டு மறுபடி படியேறினேன். இரண்டாம் பந்திக்கு மணி அடிக்க வேண்டுமே.