கோட்டுப் பையில் தோட்டா

டெல்மர் வண்டியைக் கிளப்புவதற்குள் லொரீன் ஒரு கையுறையை மட்டும் மாட்டிக்கொண்டு ஏறிவிட்டாள். மதியம் தகனம். தகனக்கூடத்தில் ஃபோனை யாரும் எடுக்கவில்லை.

"கோட்டைக் குடுக்கிறப்ப பையைப் பாக்கலியாக்கா?"

"தூசிதான் தட்டினேன். தோணலடா."

அணில் வேட்டைக்குப் போடும் பழுப்புக் கம்பளிக் கோட்டிலேயே தன்னைத் தகனத்துக்கு அனுப்பச் சொல்லியிருந்தார் அப்பா வெர்லின். சற்றுமுன் டெல்மர் அலமாரியைத் திறந்தபோது ரைஃபிள் இருந்தது. தோட்டா டப்பா காலி. மிச்சத் தோட்டாக்கள் கோட்டுப் பையில் இருந்தால் நெருப்பில் வெடிக்கும்.

இருபத்தைந்து காலிபர் அளவுச் சின்னத் தோட்டா. கறி சிதையாமல் அணிலை வீழ்த்தும் என்பார் அப்பா. இரண்டாம் உலக யுத்தத்தில் கம்பெனிகள் படைக்குத் தோட்டா செய்யப் போயின. யுத்தம் முடிந்தும் இதைத் திரும்பச் செய்யவில்லை. அடி விளிம்பில் அடிபட்டு மருந்து பற்றும் ரகம் என்பதால், சுட்டு முடித்த வெற்றுக் குப்பியில் மறுபடி மருந்து அடைக்கவும் வழியில்லை. பென்சில்வேனியா மலையூர்க் கடைகளில் கிடந்த பழைய டப்பாக்களைத் தேடித் தேடி வாங்கினார். அதுவும் நின்றபின், குறிபார்ப்பாரே தவிரச் சுடமாட்டார். "போ, நாளைக்கு வா" என்று அணிலை விட்டுவிடுவார்.

"வேற துப்பாக்கி வாங்குங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்," என்றான் டெல்மர். "செத்தும் நம்மள ஓட விடறாரு பாரு."

"நீ ரோட்டைப் பாரு."

பனியில் வண்டி ஒருமுறை வழுக்கி நின்றது. டெல்மர் மறுபடி கிளப்பினான்.

வளைவு திரும்பியதும் புகைபோக்கி தெரிந்தது. புகை வந்துகொண்டிருந்தது. லொரீன் வண்டி நிற்குமுன் இறங்கி ஓடினாள்.

தகனக்கூடத்துக் க்ரோதர் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். "அது கணப்படுப்புப் புகைம்மா. அப்பா உள்ளதான் இருக்காரு."

அப்பாவின் கோட்டில் இடது பையில் புகையிலைத் தூள்தான் இருந்தது. வலது பைமேல் அவர் கை கிடந்தது. ஆஸ்பத்திரியில் அவரைத் தொடாமல் கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றிருந்தவள், இப்போது அந்தக் கையைத் தூக்கினாள். அவள் நினைத்ததைவிடக் கனத்தது. மறுகையால் துழாவித் தோட்டாக்களை எடுத்து, டெல்மர் நீட்டிய தொப்பிக்குள் போட்டாள்.

"அடப்பாவி மனுஷா," என்றான் டெல்மர்.

"கொண்டு போகலாமா?" என்றார் க்ரோதர்.

"கொஞ்சம் இருங்க."

கோட்டில் ஒரு பொத்தான் மாறி மாட்டியிருந்தது. லொரீன் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கீழிருந்து ஒவ்வொன்றாக மறுபடி போட ஆரம்பித்தாள்.